ஈரச்சேலைக்காரியின் பிறந்த வீடு

என் அக்காள் உலகம்மையைக் கட்டிய சிவனணைந்தபெருமாளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் எழுதுவது தொழில். அரண்மனை, காடு, கைலாசம் என்று பெரிய பெரிய படுதாக்களில் எழுதிக் கொடுப்பார். ஆனால் எந்தக் கம்பெனியிலும் ஒரு சீசனுக்கு மேல் இருந்ததில்லை. மதுரையில் இருந்தால் கொழும்பு நினைப்பு, கொழும்பில் இருந்தால் கொல்லம் நினைப்பு. கல்யாணம் முடிந்த கையோடு திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறிய மனிதர். தாலியில் மஞ்சள் காயாமல் அக்காள் தென்காசிக்குத் திரும்பி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்தே எனக்கு அவர்மேல் கோபம். முதலிலேயே சொல்லிவிட்டேன், படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கட்டும்.

நான் தென்காசி - ஐந்தருவி பஸ்ஸில் கண்டக்டர். ஊரில் எந்தப் பேச்சும் என்னிடம் டிக்கெட் வாங்காமல் நகர்ந்ததில்லை. அதனால் இந்தக் கதை பிறந்ததையும் பார்த்தேன், வளர்ந்ததையும் கேட்டேன்.

செங்கோட்டை மலையாளத்துச் சீமையைவிட்டு நம் பக்கம் சேர்ந்து இரண்டாவது வருஷம். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியிருந்தது. கொல்லத்திலிருந்து அத்தான் ஒருநாள் வந்து இறங்கினார். வந்தவர் அக்காளை விசாரிக்கவில்லை. நேரே பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“மாப்ளே, குத்தாலத்துக்கு வாரவன் குளிக்கான், திங்கான், ஒறங்குதான். அப்புறம் என்ன செய்வான்?”

“மறுபடியும் குளிப்பான்,” என்றேன்.

“படுதாவ இவ்வளவு நாளும் தூர இருந்து பாத்தானுவ. இனிமே அதுக்குள்ள நடந்து போணும்லே. கதைக்குள்ள நொழஞ்சு, நனைஞ்சு, வெளிய வரணும்.”

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கடையநல்லூர் யாக்கூப் அப்படி நினைக்கவில்லை. யாக்கூப் தறி வைத்து ஜவுளி வியாபாரம் செய்கிறவர், அத்தானுக்குப் பழைய சிநேகிதர். அவருக்கு ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தோப்பு இருந்தது. தோப்பையும் கொடுத்து, விலைபோகாத முரட்டுத் துணி முழுவதையும் கறுப்புச் சாயத்தில் முக்கியும் கொடுத்தார். சாயம் பிழிந்த கை மாதக்கணக்கில் கறுத்தே இருந்தது. பள்ளிவாசலில் எல்லோரும் கேலி செய்தார்களாம்.

அத்தான் கட்டியதை என்னவென்று சொல்வது? மூங்கிலும் ஓலையும் கறுப்புத் துணியுமாக, வளைந்து வளைந்து போகிற ஒரு நீளக் குகை. உள்ளே போனதும் காலுக்கடியில் ஈர மணல். முதல் அறையில் சுண்ணாம்பு சுடுகிற காளவாசல். நிஜச் சுண்ணாம்புக்கல்லை நிஜத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார், அது புஸ்ஸென்று கொதித்து முகத்தில் சூடடிக்கும். அடுத்த அறையில் தென்காசிக் கோபுரம். ஊரில் நிற்பதுபோலவே மொட்டையாய், நடுவில் பிளந்து. பிளவுக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியும். வழி நெடுக, துணிச் சுவருக்குப் பின்னாலிருந்து மூங்கில் குழாய் வழியே அத்தான் கதை சொல்லிக்கொண்டே வருவார். ஆள் தெரியாது, குரல் மட்டும் காதோரம் வரும். கடைசி அறையில் அவள் நிற்பாள். களிமண்ணில் செய்த பெண், இடுப்பில் குடம். ஓடையிலிருந்து இழுத்த தண்ணீர் அவள் தலைக்கு மேலிருந்து சொட்டிச் சொட்டி உடுத்தியிருந்த சேலையை நனைத்துக்கொண்டே இருக்கும். சேலை ஒருநாளும் காயாது. அவளைத் தாண்டினால் ஒரு சின்ன வாசல். வாசலுக்கு வெளியே மலை, அருவிச் சத்தம், மலையைப் பார்த்துப் போகிற மாதிரி சிமெண்டில் பதித்த இரண்டு பாதச் சுவடுகள்.

கதை இதுதான். கோவில் கட்டின பாண்டியன் காலத்தில், சுண்ணாம்பு நீற்ற அருவித் தண்ணீர் சுமந்தவள் ஒருத்தி. காளவாசல் மேஸ்திரி சுண்ணாம்பைச் சரியாக நீற்றாமல் ஏமாற்றினான். அவள் ராஜாவிடம் சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்று மேஸ்திரி சபையில் வைத்து அடித்தான். ராஜா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அவள் குடத்தை இறக்கி வைத்தாள், திரும்பிப் பாராமல் மலையேறிப் போனாள். அவள் சுமந்த தண்ணீர் சுவருக்குள் காயவே இல்லை, கோபுரம் பிளந்தது. பாண்டியன் கோவில் கட்டியது நிஜம். கோபுரம் பிளந்து கிடப்பதும் நிஜம். இடி என்பார்கள், தீ என்பார்கள், ஆளுக்கொரு காரணம். நடுவில் வருகிற தண்ணீர்க்காரி முழுக்க முழுக்க அத்தானின் சொந்தச் சரக்கு. எங்கள் வீட்டு முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டே அவளை உண்டாக்கினார், நான் பக்கத்தில் நின்றேன்.

சீன் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொய்யான அரண்மனைக்கு முன்னால் ஒரு நிஜச் செடியைக் கொண்டுபோய் வைப்பான், அப்போதுதான் எல்லாம் நிஜமாய்த் தெரியும். அத்தானும் அதையே செய்தார். கதை முடிகிற இடத்தில், குழாய் வழியே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: “அந்த மேஸ்திரியின் வம்சம் இன்றைக்கும் மேலகரத்தில் சுண்ணாம்பு விற்கிறது.”

மேலகரத்தில் சுண்ணாம்பு விற்றது ஒரே ஒரு வீடுதான். புருஷனைப் பறிகொடுத்த ஆவுடையம்மாள் வீடு. காளவாசலுக்குக் கல்லும் அவளிடமிருந்துதான் வாங்கியிருந்தார். வாங்கின இடம் நாக்கில் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. யோசனையும் கிடையாது.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். என் பஸ்ஸில் நிற்க இடமில்லை. முதல் வாரம், “உள்ள போனா புல்லரிக்கி” என்றார்கள். அடுத்த வாரம் ஒரு பெண் பிள்ளை மற்றவளிடம் மெதுவாகக் கேட்டாள்: “சும்மா மலையேறிப் போயிருப்பாளாக்கும்? அந்த மேஸ்திரி விட்டிருப்பானா?” அதற்கடுத்த வாரம் பஸ் முழுவதும் அவளைக் காளவாசலில் தள்ளிக் கொன்றாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அநியாயமாய்ச் செத்தவர்கள்தான் சாமி. வெட்டுப்பட்டவன், கிணற்றில் விழுந்தவள், பிள்ளையோடு போனவள், எல்லோருக்கும் பீடம் உண்டு, வருஷத்துக்கு ஒரு கொடை விழா உண்டு. கோபித்துக்கொண்டு உயிரோடு நடந்து போனவளுக்கு ஒரு கல்கூடக் கிடையாது. ஜனங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, பிடித்ததால் கொன்றார்கள். அவள் உயிரோடு போனாள் என்று காட்டத்தான் அத்தான் அந்தப் பாதங்களைப் பதித்தார். அந்தப் பாதத்துக்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். வளையல் வந்தது, சேலை வந்தது, தேங்காய் உடைத்தார்கள். நம் ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நாடகத்துல செத்தவனுக்குக் கைதட்டுவான். இங்கன பாத்தியாலே, கும்பிடுதான்!”

அந்தச் சிரிப்பு ஆவணி வரைக்கும் இருந்தது.

ஆவுடையம்மாளின் ஒரே மகள் குழல்வாய்மொழி. செங்கோட்டைத் தேங்காய் வியாபாரி இசக்கியப்பன் மகனுக்கு அவளைப் பேசி, வெற்றிலை மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அருவியில் குளிக்க வந்தவர்கள் குகைக்குள்ளும் போய்விட்டு வந்தார்கள். திரும்பும்போது என் பஸ். இசக்கியப்பன் மனைவி மேலகரம் தாண்டியதும் சொன்னாள்:

“அவளக் கொன்ன வீட்டுல பொண்ணெடுத்தா நம்ம குடி வெளங்குமா?”

மறுநாள் வெற்றிலைத் தட்டு திரும்பி வந்தது. அதற்கு மறுநாள் மேலகரத்தில் ஆவுடையம்மாளிடம் சுண்ணாம்பு வாங்க ஆளில்லை. வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று பஸ்ஸில் சொன்னார்கள். சொன்னவர்கள் ஐந்தருவியில் இறங்கி, குகை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஆவுடையம்மாளும் வரிசையில்தான் வந்தாள். டிக்கெட் வாங்கினாள். காளவாசல், கோபுரம், சேலைக்காரி என்று எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். குரல் சொன்னதையும் கேட்டாள். வெளியே வந்து, சுற்றிக்கொண்டு துணிச் சுவருக்குப் பின்னால் போய், குழாயும் கையுமாக இருந்த அத்தான் முன்னால் நின்றாள். நானும் யாக்கூபும் அங்கேதான் இருந்தோம். அவள் சத்தம் போடவில்லை.

“எம் புருசன் அப்பன் தென்காசிக்காரன்கூட இல்ல வே. அம்பாசமுத்திரத்துல இருந்து வந்தாவ. நீரு கட்டுனீரு. நீரே அவுத்து விடும். எம் பிள்ள மொகத்த ஒரு தடவ வந்து பாரும்.”

அந்த மனிதரின் முழங்கால் ஆடாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மெகாபோனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். இது நான் கட்டின கதை, தண்ணீர்க்காரி என்று யாரும் இருந்ததில்லை, மேலகரத்து வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தொண்டை கிழியச் சொன்னார். கூட்டம் மரியாதையோடு கேட்டது. “எவ்வளவு அடக்கமாப் பேசுதாரு பாரு,” என்றார் ஒருவர். “நம்ம அறியாம நம்ம வாயில வாரதுதான சாமி வாக்கு,” என்றாள் ஒரு அம்மாள். யாரோ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸை அந்தக் கூட்டத்தின் மேலே ஏற்றலாம் போலிருந்தது.

மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சிலையை உடைக்கப் போனார். யாக்கூப் குறுக்கே விழுந்து பிடித்தார்.

“அண்ணாச்சி, ஒடைச்சா என்ன சொல்லுவானுவ தெரியுமா? சுண்ணாம்புக்காரி ஆள் வச்சு ஒடைச்சிட்டான்னு சொல்லுவானுவ. அந்தப் பிள்ளை தலையில இதையும் கொண்டு வைக்கவா?”

மண்வெட்டி கீழே விழுந்தது. அத்தான் வீட்டுக்கு வந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப நடந்தார். கொல்லத்தில் ஒரு பொருட்காட்சிக்காரர் அவரைக் கூப்பிட்டிருந்தார். பெட்டி கட்டி மூலையில் இருந்தது. போகிற போக்கில் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார், நான் பல்லைக் கடிப்பேன். ஓடிவிடுவார் என்றே நினைத்தேன்.

அக்காள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“கோவிச்சுட்டுப் போனா, பொம்பள எங்க போவா?”

“எங்க போவா?”

“பொறந்த வீட்டுக்கு. எனக்குத் தெரியாதா?” அந்த ஒரு வார்த்தையில் கல்யாணமான ஒன்பது வருஷத்தையும் போட்டு அடித்தாள். “அந்தச் சுண்ணாம்புக்கார வீடுதான் அவ பொறந்த வீடுன்னு சொல்லும். அடிச்சது அவ அண்ணன். மலையேறுனவ மனசு ஆறி, அந்த வீட்டு நடைக்குத் திரும்பி வந்தான்னு சொல்லும். மெய்யச் சொன்னா கேக்கல. இதச் சொல்லிப் பாரும்.”

குழாய் வழியே அன்று முதல் கதை மாறியது. பஸ்ஸிலும் மாறத் தொடங்கியது. பிறந்த வீட்டை யாராவது பழிக்க முடியுமா? சாமியின் அண்ணன் வீட்டு வாசலில் சாணி ஊற்றினவர்களுக்கு இப்போது நடுக்கம். ஆவுடையம்மாளிடம் மறுபடியும் சுண்ணாம்பு வாங்கினார்கள். அவள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாமல் அளந்து போட்டாள். ஆனால் கல்யாணப் பேச்சு மட்டும் நகரவில்லை. இசக்கியப்பன் விவரமான ஆள். ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு குகைக்கே வந்துவிட்டார்.

“மொதல்ல ஒண்ணு சொன்னீரு. நடுவுல கட்டுக்கதைன்னீரு. இப்ப வேறொண்ணு சொல்லுதீரு. எத நம்ப? அவ முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணும். நான் நாளைக்கே தட்டெடுத்துட்டு வாரேன்.”

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. பொய்யாய் அணைத்தவன் உருப்படமாட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமும் கிடையாது. அத்தான் சாமி கும்பிடாதவர். ஆனாலும் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

“பண்ணுதேன்,” என்றார்.

“இருமய்யா, இன்னும் முடியல. சத்தியம் பண்ணிட்டு நீரு ரயிலேறிட்டா நாங்க எங்க போய்ப் பிடிக்க? உம்ம காலு எப்பிடின்னு ஊருக்கே தெரியும். அவளுக்கு நீரேதான் தெனமும் வெளக்குப் போடணும். அந்த வீட்டு ஆளு யாராவது வெளக்குப் பொறுப்ப ஏத்துக்கிட்டாலொழிய நீரு எங்கனயும் போவக் கூடாது. அதையும் சேத்துச் சொல்லும்.”

அத்தான் சின்ன வாசல் வழியாக வெளியே மலையைப் பார்த்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது அவர் மறுத்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். பிறகு, தான் செய்த களிமண் பொம்மைக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, கட்டின கதையை நிஜமென்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அந்தக் கை ஒரு வாரம் கொப்பளித்துக் கிடந்தது. அக்காள் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள். குகை கட்டினதிலிருந்து பெரும்பாலும் தோப்பிலேயே படுத்துக்கிடந்தவர் அவர்; இரண்டு பேரும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருந்தது அப்போதுதான் முதல் தடவை.

கல்யாணம் நடந்தது. குழல்வாய்மொழி மாலையும் கழுத்துமாகச் சேலைக்காரி முன்னால் வந்து, பிறந்த வீட்டு முதல் மரியாதையை வாங்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனாள்.

அத்தான் மாட்டிக்கொண்டார். சீசன் முடிந்தது, அருவி வற்றியது, வந்தவர்கள் போனார்கள், இவர் இருந்தார். மறு சீசன் வந்தது, போனது. ஓலை ஓடாயிற்று, களிமண் கல்லாயிற்று. ஆடியில் கொடை, கொடைக்கு வில்லுப்பாட்டு. அந்தப் பாட்டில் இவருக்கே தெரியாத கதையெல்லாம் வரும், கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். திருநீறு பூசிக்கொண்டு, தாடி வளர்த்து, தினமும் விளக்குப் போட்டார். ஊரில் அவரைப் பூசாரி என்று கூப்பிட்டார்கள். விளக்குப் போட்ட கையோடு தோப்பைச் சுற்றிச் சுற்றி நடப்பார். வேலியோரமாய் அவர் நடந்த இடத்தில் புல் முளைக்கவில்லை. கூண்டில் போட்ட கரடியும் அப்படித்தான் நடக்கும். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த மனிதரை ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன், வேண்டுதல் பலித்தும் எனக்குச் சந்தோஷமில்லை.

வருஷத்துக்கு ஒரு காரியம் மட்டும் யாருக்கும் சொல்லாமல் செய்தார். கொடை முடிந்ததும் சிமெண்டு குழைத்து, ஏற்கெனவே இருந்த பாதங்களுக்கு முன்னால் இன்னொரு சோடி பதிப்பார். அவள் மலையைப் பார்த்து ஒரு எட்டு வைத்திருப்பாள். ஜனங்கள் அதற்கும் மஞ்சள் பூசினார்கள்.

குழல்வாய்மொழி கையில் ஒரு பெண் குழந்தையோடும் இடுப்பில் ஒன்றோடும் ஒரு சாரலுக்கு வந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் மேலகரத்திலேயே கடை போட்டிருந்தான். கூட்டமில்லாத மத்தியான நேரம். வண்டி நிற்கிற நேரத்தில் நான் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பாதங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா? அவ செத்தாளா, இல்லியா?”

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சாவல தாயி. மலையேறிப் போயிட்டா.”

அவள் இடுப்புப் பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“எனக்காவத்தான இங்கன கெடக்கீய? அம்ம எல்லாத்தையும் சொல்லியிருக்கா. நான் அவ பொறந்த வீட்டுப் பொண்ணுலா? நீங்கதான சூடம் அணைச்சுச் சொன்னீய. அப்பம் வெளக்குப் போட எனக்கு உரிமை உண்டும்லா? நான் போட்டா உங்க சத்தியம் கெடாது. நீங்க போங்க மாமா.”

அந்த மனிதர் அழுதார். விசும்பி விசும்பி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இந்தத் தடவை அக்காளையும் கூட்டிக்கொண்டு போனார். கொல்லத்துக்கு ரயில் பிடிக்கச் செங்கோட்டை வரைக்கும் நானே கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. அக்காள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பூசாரி எங்கே என்று ஊர் கேட்டது. கொல்லத்தில் இருக்கிறார், பொருட்காட்சியில் சீன் எழுதுகிறார் என்று நான் டிக்கெட்டோடு சேர்த்து எல்லோருக்கும் சொன்னேன். ஒருத்தன் நம்பவேண்டுமே! “கண்டக்டருக்கு அத்தான் பாசம், சொல்ல வாய் வரல,” என்றார்கள். அவள் பின்னாலேயே மலையேறினார் என்றார்கள், அருவியில் இறங்கினார் என்றார்கள். அடுத்த கொடைக்குள் அவருக்கும் ஒரு பீடம் கட்டியாயிற்று. யாக்கூப் வந்து பார்த்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

போன சாரலில், முகம் மழித்து மலையாளத்து வேட்டி கட்டின ஒருவர் என் பஸ்ஸில் ஏறி ஐந்தருவிக்கு டிக்கெட் கேட்டார். டிக்கெட்டைக் கிழித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணடித்தார். அவரோடு நானும் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். சேலைக்காரியைக் கும்பிட்டார். அடுத்ததாகத் தன் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். குழல்வாய்மொழி திருநீற்றுத் தட்டோடு வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள். அவர் கையை நீட்டினார்.

“இவரு செத்தாரா தாயி?”

அவள் திருநீற்றை எடுத்து, சூடம் சுட்ட வடு இருந்த அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

“சாவல. மலையேறிப் போயிட்டாரு,” என்றாள்.

பின்னால் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான் திருநீற்றைப் பூசிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.